பங்குனி ஆமையும் கைப்பேசித் திரையும்

"உங்களில் எத்தனை பேர் கடல் ஆமையைப் பார்த்திருக்கிறீர்கள்?" என்று எட்டாம் வகுப்பில் கேட்டேன். 2025 பிப்ரவரி முதல் வாரம். தாவரங்களையும் விலங்குகளையும் பாதுகாப்பது பற்றிய பாடத்தைத் தொடங்க வேண்டிய நாள். யாரும் கை தூக்கவில்லை. கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் மட்டும் எழுந்து, "மிஸ், செத்ததா, உசுரோடவா?" என்று திருப்பிக் கேட்டான்.

அவன் ஊரூர் குப்பத்துப் பிள்ளை. அடையாறு கடலில் கலக்கும் முகத்துவாரத்துக்குத் தெற்கே, பெசன்ட் நகர்க் கடற்கரையை ஒட்டிய மீனவர் குடியிருப்பு அது. அந்த ஜனவரியில் சென்னை, செங்கல்பட்டு மாவட்டக் கடற்கரைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் இறந்து கரை ஒதுங்கின. காலையில் பல் துலக்கிக்கொண்டே அவற்றைப் பார்த்திருக்கிறான். "செத்தது நிறைய பாத்துட்டேன். உசுரோட ஒண்ணும் பாத்தது இல்ல" என்றான். மயிலாப்பூர், மந்தைவெளி, தி.நகர்ப் பக்கத்திலிருந்து வரும் மற்ற பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை. தொலைக்காட்சியில் பார்த்ததோடு சரி. எல்லாருமே பெசன்ட் நகர்க் கடற்கரைக்குப் போனவர்கள்தாம். பஜ்ஜி தின்றிருக்கிறார்கள், பட்டம் விட்டிருக்கிறார்கள். அதே மணலில் ஜனவரி முதல் மார்ச் வரை நள்ளிரவில் ஆமைகள் ஏறி வந்து முட்டையிடுகின்றன என்பது பாதிப் பேருக்குத் தெரியாது.

ஒரு விலங்கைப் பிணமாக மட்டுமே அறிந்திருக்கும் குழந்தையிடம் அதைப் பாதுகாக்க வேண்டும் என்று எப்படிச் சொல்வது? அந்தக் கேள்விதான் என்னை மிகை மெய்ம்மைப் பக்கம் தள்ளியது. ஆங்கிலத்தில் ஆக்மென்டட் ரியாலிட்டி, சுருக்கமாக ஏஆர். நம் எதிரே இருக்கும் உண்மையான இடத்தின் மேல், கணினி உருவாக்கிய உருவத்தைக் கைப்பேசித் திரை வழியே பொருத்திக் காட்டும் தொழில்நுட்பம். மெய்நிகர் உலகம் என்று சொல்லப்படும் விஆர் கண்ணை மூடி வேறோர் இடத்துக்கு அழைத்துச் செல்லும். ஏஆரில் நாம் இருக்கும் இடம் அப்படியே இருக்கும். அதில் ஒரு விருந்தாளி வந்து நிற்கும், அவ்வளவுதான். புதிய சரக்கும் அல்ல. அமெரிக்காவில் இவான் சதர்லாந்து 1968-லேயே தலையில் மாட்டிப் பார்க்கும் கருவி ஒன்றைச் செய்து காட்டிவிட்டார். சாதாரணக் கைப்பேசிக்கு அது வந்து சேரத்தான் அரை நூற்றாண்டு ஆயிற்று.

முதல் நாள் என் வகுப்பு படுதோல்வி. அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

இணையத்தில் இலவசமாகக் கிடைத்த கடல் ஆமையின் முப்பரிமாண உருவம் ஒன்றை என் கைப்பேசியில் இறக்கி வைத்திருந்தேன். திரையைத் திருப்பிக் காட்டியதும் வகுப்பே எழுந்து ஓடி வந்தது. ஆமை மேசை மேல் இட்லித் தட்டு அளவில் வந்து நின்றது. கொஞ்சம் கை ஆடியதும் மேசையை விட்டுக் கிளம்பி மின்விசிறிக்குக் கீழே மிதந்தது. "மிஸ், பறக்குது மிஸ்!" ஒருத்தி அதைத் தோழியின் தலையில் உட்கார வைத்துப் படம் எடுத்தாள். இன்னொருவன் விரலால் இழுத்துக் கரும்பலகை அளவுக்குப் பெரிதாக்கினான், பிறகு எலுமிச்சம்பழம் அளவுக்குச் சுருக்கினான். நாற்பது நிமிடமும் கும்மாளமாகக் கழிந்தது. மணி அடித்த பிறகு, "ஆமை எவ்வளவு பெரியது?" என்று கேட்டேன். ஒவ்வொருவரும் ஒவ்வோர் அளவைக் கையால் காட்டினார்கள். ஊரூர் குப்பத்துப் பையன் மட்டும் சரியாகக் காட்டினான். அவன் திரையைப் பார்த்துக் கற்றுக்கொண்டவன் அல்லவே.

அன்று மாலை யோசித்தபோது தவறு பிடிபட்டது. திரையில் வந்த ஆமைக்கு அளவும் இல்லை, இடமும் இல்லை. இஷ்டப்படி இழுத்துச் சுருக்கக்கூடிய பொருள் குழந்தைக்குப் பொம்மைதான். அதை அழகாகக் காட்டினால் பொம்மை இன்னும் கொஞ்சம் அழகாகும். காட்டுயிர் என்ற எண்ணம் அதிலிருந்து பிறக்காது.

தரை ஏன் முக்கியம்

இந்த நுட்பம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் பாதிச் சிக்கல் தீரும். கைப்பேசியின் கேமரா எதிரே உள்ள காட்சியில் தனித்துத் தெரியும் புள்ளிகளைத் தேடுகிறது: ஒரு கறை, ஓடுகளின் விளிம்பு, நிறம் மாறும் இடம். நாம் கைப்பேசியை மெல்ல நகர்த்தும்போது அந்தப் புள்ளிகள் திரையில் எப்படி இடம் மாறுகின்றன என்பதையும், உள்ளே இருக்கும் முடுக்கமானி, கைரோஸ்கோப் ஆகிய உணரிகள் சொல்லும் அசைவையும் சேர்த்துக் கணக்கிட்டு, "இது சமதளம், இவ்வளவு தூரத்தில் இருக்கிறது" என்று முடிவு செய்கிறது. அந்தத் தளத்தின் மேல்தான் உருவத்தை வைக்கும். பளபளக்கும் வெள்ளை ஓட்டுத் தரையில் புள்ளிகள் கிடைப்பதில்லை. மங்கலான அறையிலும் கிடைப்பதில்லை. என் மேசை மேல் விரித்திருந்த ஒரே நிற விரிப்புதான் ஆமையைப் பறக்கவிட்டது. பழைய பள்ளிக் கட்டடங்களில் இருக்கும் புள்ளி போட்ட மொசைக் தரை இதற்கு மிகவும் பொருத்தம். புதுக் கட்டடத்துக்காரர்கள் பழைய செய்தித்தாள்களைத் தரையில் விரித்துக்கொள்ளலாம்.

மறுநாள் மேசையை விட்டு வராந்தாவுக்குப் போனோம். கைப்பேசியைத் தொடுவதற்கு முன் தரையில் சாக்பீசால் ஓர் ஆமையை வரையச் சொன்னேன். சென்னைக் கரைக்கு வருவது ஆலிவ் ரிட்லி என்னும் இனம். ஓடு ஏறத்தாழ 60 முதல் 70 சென்டிமீட்டர் நீளம். எடை 35 முதல் 50 கிலோ வரை, அதாவது எட்டாம் வகுப்பு மாணவர் ஒருவரின் எடை. இரண்டு பேர் அளவுகோலைப் பிடித்துக்கொள்ள, நான்கு குழுக்கள் நான்கு ஆமைகளை வரைந்தன. அதன் பிறகு திரையில் வந்த ஆமையை அந்தச் சாக்பீஸ் கோட்டுக்குள் அடங்கும்படி அளவைச் சரிசெய்து நிறுத்தினோம். இம்முறை யாரும் அதைத் தலையில் தூக்கி வைக்கவில்லை. சுற்றி உட்கார்ந்தார்கள். ஒருத்தி கோட்டை மிதிக்காமல் தாண்டிப் போனாள்.

இப்போது சரியாகிவிட்டது என்று நினைத்தேன்.

"இது நம்ம ஆமை இல்லம்மா"

அடுத்த வாரம் அந்த ஊரூர் குப்பத்து மாணவனின் தாத்தா பள்ளிக்கு வந்தார். நான்தான் வரச் சொல்லியிருந்தேன். அதற்கும் ஒரு காரணம் உண்டு. முந்தைய வகுப்பில், "மீனவர்கள் வலையில் சிக்கித்தான் ஆமைகள் சாகின்றன" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டேன். அவன் அதன் பிறகு வாயைத் திறக்கவில்லை. மறுநாள் வந்து, "எங்க தாத்தா வலை அந்த வலை இல்ல மிஸ்" என்றான். விழிப்புணர்வு என்ற பெயரில் ஒரு மாணவனின் வீட்டையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றியிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

பெரியவர் வராந்தாவில் உட்கார்ந்து, சாக்பீஸ் வாங்கித் தரையில் வரைந்தே விளக்கினார். அவர்களுடையது ஃபைபர் படகு, ஓரிடத்தில் விரித்து வைத்து எடுக்கும் வலை. அதிலும் எப்போதாவது ஆமை மாட்டும். கண்ணியை அறுத்து விட்டுவிடுவார்கள். விசைப்படகின் இழுவலை வேறு. பெரிய பை போன்ற வலையை மணிக்கணக்கில் கடலடியில் இழுத்துச் செல்வார்கள். ஆமைக்கு மீனைப் போலச் செவுள் கிடையாது, நுரையீரல்தான். மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். இழுவலைப் பைக்குள் போனது மேலே வர முடியாது. நீரில் வாழும் உயிர் நீரிலேயே மூழ்கிச் சாகும். 2025-இல் ஒதுங்கியவற்றில் பெரும்பாலானவை அப்படி மூச்சுத்திணறி இறந்தவை என்றே சொல்லப்பட்டது. தமிழ்நாட்டில் கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் இழுவலை போடக் கூடாது என்று விதி இருக்கிறது. வலைக்குள் புகுந்த ஆமை வெளியேற வழிவிடும் கம்பித் தடுப்புச் சாதனமும் இருக்கிறது. விதியும் சாதனமும் இருந்தும் ஏன் ஆமைகள் ஒதுங்குகின்றன என்று ஒரு மாணவி கேட்டாள். பெரியவர் சிரித்தார். "அத நீங்க பெரியவங்களாகி கேளுங்க" என்றார்.

பேச்சு முடிந்ததும் பெருமையோடு கைப்பேசியை எடுத்து, சாக்பீஸ் கோட்டுக்குள் நம் ஆமையை நிறுத்திக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். அது இரண்டு முன் துடுப்புகளையும் ஒரே நேரத்தில் ஊன்றி, உந்தி உந்தி நகர்ந்தது. "இது நம்ம ஆமை இல்லம்மா. பேராமை. நம்மூருக்கு முட்ட வெக்க வர்றது பங்குனி ஆமை. அது மாத்தி மாத்தி கை போட்டு நடக்கும்" என்றார்.

வகுப்பே என்னைப் பார்த்தது. பதினெட்டு ஆண்டுகள் அறிவியல் கற்பித்தவள். நூலகத்துக்குப் போய்ப் படங்களை ஒப்பிட்டுப் பார்த்தால் அவர் சொன்னது முழுக்கச் சரி. ஆலிவ் ரிட்லிக்குத் தமிழில் பங்குனி ஆமை, சிற்றாமை என்று பெயர்கள் உண்டு. மணலில் அது வலமும் இடமுமாக மாறி மாறித் துடுப்பை ஊன்றி நகர்வதால், அதன் தடத்தில் இருபக்கக் குறிகளும் நேருக்கு நேர் அமையாமல் முன்பின்னாக விழும். பேராமை என்னும் பச்சை ஆமை இரு துடுப்புகளையும் சேர்த்து ஊன்றுவதால் தடம் சமச்சீராக இருக்கும். இரவில் ரோந்து போகிறவர்கள் ஆமையைப் பார்க்காமலே தடத்தைக் கொண்டு இனத்தைச் சொல்வது இப்படித்தான். ஓட்டிலும் அடையாளம் இருக்கிறது. நடு வரிசைக்கு இருபுறமும் உள்ள தகடுகளை எண்ணினால் பச்சை ஆமைக்குப் பக்கத்துக்கு நான்குதான். பங்குனி ஆமைக்குப் பெரும்பாலும் ஆறு அல்லது அதற்கு மேல்.

மாணவர்கள் திரையில் வந்த ஆமையின் தகடுகளை எண்ணினார்கள். நான்கு. சந்தேகமே இல்லை. நான் மூன்று வகுப்புகளாகச் சென்னைக் கடற்கரைக்குச் சொந்தமில்லாத ஓர் ஆமையைக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இதைப் பிறகு அழிக்காமல் அப்படியே பாடமாக்கிக்கொண்டோம். தரையில் சாக்பீசால் பங்குனி ஆமை, இதய வடிவ ஓடு, பக்கத்துக்கு ஆறு தகடு. அதன் பக்கத்தில் திரையில் பேராமை. இரண்டுக்கும் வேறுபாடு கண்டுபிடிக்க வேண்டும். புத்தகத்தில் ஓர் இனத்தின் படத்தை மட்டும் காட்டி நான் நடத்தியிருந்தால் தகடு எண்ணும் பழக்கம் இவர்களுக்கு வந்திருக்காது. தொழில்நுட்பம் தரும் உருவம் சரியா என்று சோதிக்க வேண்டும் என்ற எண்ணமும் வந்திருக்காது. ஏஆர் உருவங்களில் பெரும்பாலானவை உலகம் முழுவதற்கும் பொதுவாகச் செய்யப்பட்டவை. "ஆமை" என்று தேடினால் ஏதோ ஓர் ஆமை வரும். "மான்" என்று தேடினால் கிண்டியின் புள்ளிமான் வராமல் வடக்கத்திய நாட்டுப் பனிமான் வரக்கூடும். வகுப்புக்கு முந்தைய இரவே இனத்தைச் சரிபார்த்துவிடுவது நல்லது. முடிந்தால் உள்ளூர் மனிதர் ஒருவரிடமும் காட்டிவிடுங்கள்.

இலக்கியத்தையும் இதே சோதனைக்கு உட்படுத்தினோம், தமிழாசிரியர் உதவியோடு. அகநானூற்றின் 160-ஆம் பாடலில், சூல் கொண்ட ஆமை மணல் மேட்டில் முட்டையைப் புதைத்து வைக்கும் காட்சி வருகிறது. குஞ்சு வெளிவரும் வரை ஆண் ஆமை காவல் காப்பதாகவும் வருகிறது. முதல் செய்தி இன்றும் கண்ணால் பார்க்கக்கூடியது. இரண்டாவது அறிவியலோடு பொருந்தாது. பங்குனி ஆமையின் ஆண் கரைக்கே வருவதில்லை, தாயும் முட்டையிட்டு மூடியதும் கடலுக்குத் திரும்பிவிடும். புலவர் குறைவாகப் பார்த்தார் என்று ஒரு மாணவன் சொல்ல, புலவருக்குக் குடும்பம் முக்கியம் என்று இன்னொருத்தி சண்டைக்கு வந்தாள். தமிழாசிரியருக்கு அன்று நல்ல வேட்டை.

மணலுக்கு அடியில்

அப்படியானால் ஏஆர் வேண்டாமா? வேண்டும். கண்ணால் நேரில் பார்க்க முடிவதைக் காட்ட அது வேண்டியதில்லை. தி.நகரிலிருந்து அரைமணியில் கிண்டி போய்விடலாம். 2.7 சதுர கிலோமீட்டர்ப் பரப்பில் நகரத்துக்குள்ளேயே தேசியப் பூங்கா. அதை ஒட்டிய சிறுவர் பூங்காவில் வெளிமானையும் புள்ளிமானையும் நேரில் காட்டலாம். ஆண் வெளிமானின் முறுக்கிய கொம்பைத் திரையில் சுழற்றிப் பார்ப்பதைவிட அதன் நிழலில் நிற்பது மேல். பட்டினப்பாக்கம் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தொல்காப்பியப் பூங்கா இன்னும் அருகில். குப்பை மேடாகக் கிடந்த அடையாறு கழிமுகத்துச் சிற்றோடையை மீட்டு உருவாக்கி 2011-இல் திறந்த இடம் அது. அங்கே ஏஆருக்கு ஒரு வேலை உண்டு: மீட்பதற்கு முன் அந்த இடம் இருந்த கோலத்தின் பழைய படத்தை, அதே இடத்தில் நின்று திரையில் பொருத்திப் பார்க்கலாம். மற்றபடி கைப்பேசியைப் பையில் போட்டுவிட்டுப் பறவை பார்க்கலாம்.

ஏஆர் உதவுவது கண்ணுக்கு எட்டாத இடத்தில். ஆமைக் கூடு அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பெண் ஆமை பின் துடுப்புகளால் ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி தோண்டும். வாய் குறுகி அடி அகன்ற, ஏறத்தாழக் கூஜா போன்ற வடிவம். அதில் நூறு முதல் நூற்றிருபது முட்டைகள். பிறகு மணலை மூடி, உடம்பை இடமும் வலமும் ஆட்டித் தட்டிக் கெட்டிப்படுத்தும். 45 முதல் 55 நாள்களில் குஞ்சு பொரியும். மணலின் வெப்பநிலைதான் குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கும். சூடு கூடினால் பெண் அதிகம். இது எதையும் ஒரு குழந்தை நேரில் பார்க்க முடியாது, பார்க்கத் தோண்டவும் கூடாது. இந்திய வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் முதல் அட்டவணையில் உள்ள உயிரினம் அது. தரையைப் பிளந்து உள்ளே இருப்பதைக் காட்டும் வித்தையை ஏஆர் எளிதாகச் செய்யும்.

அதற்கு ஆயத்த உருவம் எனக்குக் கிடைக்கவில்லை. உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தில் பிளெண்டர் என்ற இலவச மென்பொருளைக் கொண்டு நாங்களே செய்தோம். ஒரு கூஜா, அதில் நூற்றுப் பத்து உருண்டைகள். மாணவர்கள் இரண்டு மதிய வேளைகளில் முடித்துவிட்டார்கள், எனக்குத்தான் ஒரு வாரம் ஆயிற்று. கோப்பை ஜிஎல்பி வடிவில் சேமித்து, ஏஆர் வசதியுள்ள ஆண்ட்ராய்டு கைப்பேசியில் திறந்தால் போதும். வராந்தாத் தரையில் குழி விழுந்தது போல் தெரிந்தபோது ஒருவன் எட்டிக் குதித்து விலகினான். முட்டைகளை எண்ணிச் சரிபார்த்தார்கள். நூற்றுப் பத்தில் எத்தனை பெரிய ஆமையாகும் என்று கேட்டதற்கு, ஆயிரம் குஞ்சில் ஒன்று என்று பரவலாகச் சொல்லப்படும் கணக்கைச் சொன்னேன். "அப்ப இந்தக் குழியில ஒண்ணுகூட தேறாதா மிஸ்?" ஒன்பது, பத்துக் கூடுகள் சேர்ந்தால்தான் ஒன்று. அந்த ஒன்றும் முட்டையிடும் வயதுக்கு வரப் பத்து, பதினைந்து ஆண்டுகள் ஆகும். ஜனவரியில் ஒதுங்கிய ஒவ்வோர் உடலின் விலையும் அவர்களுக்கு அப்போதுதான் புரிந்தது. நான் ஒரு வார்த்தையும் கூடுதலாகச் சொல்லவில்லை.

உலக அளவிலும் நன்றாக அமைந்த ஏஆர் முயற்சிகள், ஒரு செயலின் விளைவைக் காட்டியவைதான். உலக இயற்கை நிதியமான டபிள்யூடபிள்யூஎஃப் 2018-இல் வெளியிட்ட ஃப்ரீ ரிவர்ஸ் செயலி, நம் மேசை மேல் ஓர் ஆற்றையே ஓடவிட்டது. அணை கட்டிப் பார்த்தால் கீழே வாழும் விலங்குகளும் மக்களும் என்ன ஆகிறார்கள் என்று தெரியும். கென்யாவின் நைரோபியைச் சேர்ந்த இன்டர்நெட் ஆஃப் எலிஃபென்ட்ஸ் நிறுவனம், ஆய்வாளர்கள் கண்காணித்து வந்த உண்மையான தனி விலங்குகளை அவற்றின் கதையோடு கைப்பேசிக்குக் கொண்டுவந்தது. "ஒரு யானை" என்றில்லாமல் "இந்த யானை" என்று காட்டியது அது.

விளக்கை அணைத்த பாடம்

கடைசி வகுப்பு வெளிச்சம் பற்றியது. முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு நான்கு சென்டிமீட்டர் அளவுதான், உள்ளங்கையில் அடங்கும். இரவில் மணலைத் துளைத்து வெளியே வந்ததும், எந்தத் திசை வெளிச்சமாக இருக்கிறதோ அங்கே ஓடும். மின்விளக்கு இல்லாத காலத்தில் அது கடலாகத்தான் இருக்கும். நட்சத்திர ஒளியும் நிலவொளியும் பட்டு நீர்ப்பரப்பு மின்னும், கரைப்பக்கம் மரங்களால் இருண்டிருக்கும். இன்று பெசன்ட் நகரில் கரைப்பக்கம்தான் பகல் போல் இருக்கிறது. குஞ்சுகள் சாலைக்கு வந்துவிடுகின்றன. முட்டையிடும் காலத்தில் இரவில் கடற்கரை விளக்குகளை அணைக்க மாநகராட்சி ஏற்பாடு செய்வது இதனால்தான்.

வானவில் மன்றத்தில் இதைச் செய்து பார்த்தோம். அறையின் சன்னல்களை மூடி, ஒரு பக்கச் சுவரில் வெள்ளைத் துணியைத் தொங்கவிட்டு அதன் பின்னே மங்கலான விளக்கு. அதுதான் கடல். மெல்லிய துப்பட்டாவைக் கண்ணில் கட்டினால் உருவம் தெரியாது, வெளிச்சம் மட்டும் தெரியும். பத்துப் பேர் நடுவிலிருந்து வெளிச்சத்தை நோக்கித் தவழ வேண்டும். எல்லாரும் கடலைச் சேர்ந்தார்கள். இரண்டாம் முறை, அவர்கள் கிளம்பிய பிறகு எதிர்ப்பக்க மூலையில் என் கைப்பேசியின் டார்ச்சை மட்டும் போட்டேன். பாதிக்கு மேல் திரும்பி என் காலடிக்கு வந்து சேர்ந்தார்கள். கண்கட்டை அவிழ்த்ததும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து முதலில் சிரிப்பு. பிறகு ஒருத்தி என் கையைக் காட்டிச் சொன்னாள்: "மிஸ், அதே ஃபோன்."

அவள் சொன்ன பிறகுதான் எனக்கும் தோன்றியது. மூன்று வாரமாக எந்தக் கருவியில் ஆமையை வரவழைத்தோமோ, அதே கருவிதான் கடற்கரையில் அதன் குஞ்சைத் திசை மாற்றுகிறது.

இதைச் செய்ய விரும்பும் ஆசிரியர்களுக்குச் சில சொற்கள். எல்லாக் கைப்பேசியிலும் ஏஆர் இயங்காது. வகுப்புக்கு ஒன்று இருந்தால் போதும். திறன்மிகு வகுப்பறைத் திரையோடு இணைத்தால் எல்லாரும் பார்க்கலாம். கூகுள் தேடலில் 2019 முதல் சில விலங்குகளின் முப்பரிமாண உருவங்கள் வந்தன, ஆனால் அவ்வப்போது மாறுகின்றன. ஸ்கெட்ச்ஃபேப் போன்ற தளங்களில் தேடும்போது இலவசப் பயன்பாட்டு உரிமம் உள்ளவற்றை எடுங்கள். பிள்ளைகளின் முகம் தெரியும் படங்களை எங்கும் பகிர வேண்டாம். கைப்பேசி ஒன்றுமே இல்லாவிட்டாலும் சாக்பீஸ் ஆமையும் துப்பட்டாக் குஞ்சும் போதும். உண்மையில் என் வகுப்பில் அதிகம் கற்பித்தவை அவை இரண்டும்தான்.

காலத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். ஜூலையில் நடத்தினால் ஆமை வெறும் பாடம். ஜனவரி முதல் மார்ச் வரை நடத்தினால் அது அந்த இரவே கரையேறும் விருந்தாளி. சென்னையில் ஆமை நடை 1970-களில் மெட்ராஸ் பாம்புப் பண்ணையைச் சேர்ந்தவர்களால் தொடங்கியது. ஐஐடி மாணவராக இருந்து ஆமை ஆய்வாளரான சதீஷ் பாஸ்கர் அந்தத் தலைமுறை. 1988 முதல் எஸ்எஸ்டிசிஎன் என்ற மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்பு அமைப்பு நீலாங்கரை முதல் பெசன்ட் நகர் வரை இரவுதோறும் நடந்து, முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் புதைத்துக் காக்கிறது. வார இறுதி இரவுகளில் பொதுமக்களும் உடன் நடக்கலாம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அந்த ஏழு கிலோமீட்டர் இரவு நடை கடினம். குஞ்சுகளைக் கடலில் விடும் மாலை நேரமே பொருத்தம். பெற்றோரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள்.

மார்ச் கடைசியில் பன்னிரண்டு மாணவர்களையும் அவர்களின் பெற்றோரையும் அழைத்துக்கொண்டு பெசன்ட் நகர்ப் பொரிப்பகத்துக்குப் போனோம். பங்குனி பிறந்திருந்தது. வேலிக்குள் வரிசையாகக் கூடுகள், ஒவ்வொன்றிலும் தேதியும் முட்டை எண்ணிக்கையும் எழுதிய குச்சி. இருட்டத் தொடங்கும் நேரத்தில் கூடையிலிருந்து குஞ்சுகளை ஈரமணலில் விட்டார்கள். கூட்டம் பெரிது. என் மாணவர்கள் கேட்காமலே கைப்பேசிகளை வாங்கி ஒரு துணிப்பையில் போட்டு முடிச்சிட்டு வைத்திருந்தார்கள். என்னுடையதும் அதில்தான் இருந்தது.

எங்களுக்குப் பக்கத்தில் நின்ற ஒரு இளைஞர் ஒளி வீசப் படம் எடுக்கக் கையை உயர்த்தினார். ஊரூர் குப்பத்துப் பையன் அவர் சட்டையை இழுத்தான்.

"அண்ணா, லைட் போடாதீங்க. அதுங்க உங்க கிட்ட வந்துரும்."

அவர் கீழே பார்த்தார். ஒரு குஞ்சு அவர் செருப்புக்கு ஒரு சாண் தூரத்தில், வலமும் இடமுமாகத் துடுப்பை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு போயிற்று. அலை வந்து தூக்கும் வரை எல்லாரும் இருட்டில் நின்றோம்.